டயல் நிற்கும் வரை

பல் டாக்டர் சுட்ட குண்டு எங்கே போய் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆயிரம் மீட்டருக்கு அப்பால், இலக்குப் பலகைகளுக்கு அடியில் வெட்டிய ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள், பலகையைக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டு "ஓட்டை எதுவும் இல்ல" என்று வாக்கி-டாக்கியில் சொன்னார்கள். பலகைக்குப் பின்னால் குண்டுகளைத் தாங்குவதற்காக எழுப்பியிருந்த மண்மேட்டிலும் எதுவும் அசையவில்லை. டாக்டருக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்த மச்சான், அதாவது டாக்டரின் மனைவிக்கு அண்ணன், தலையைத் தூக்காமலே சிரித்தார்.

"என்ன மாப்ள, வழக்கம் போல உன் குண்டு பாதி வழியில டீ குடிக்க எறங்கிடுச்சா?"

"தெரியல மச்சான்."

"நேத்து பூரா மழை. மண்ணு சொதசொதன்னு கெடக்கு, விழுந்தாலும் தூசி கெளம்பாது. பலகைக்கு முன்னாடி எங்கயாவது சேத்துல சொருகியிருக்கும். அடுத்தத இன்னும் கொஞ்சம் மேல பிடிச்சு அடி."

அந்தச் சமயம் பார்த்து நீண்ட விசில் ஊதியது. குழிக்குள் இருக்கும் ஆட்கள் மாறுகிற இடைவேளை. எல்லாரும் துப்பாக்கியில் குண்டு போடும் அறையைத் திறந்து பாயின்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். டாக்டரும் எழுந்தார். எழும்போது அவர் கண் தன் துப்பாக்கியின் தலையில் உட்கார்ந்திருந்த ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், டயலில் பட்டது. அது கடைசி வரை திரும்பிக் கிடந்தது.

இதைப் புரிந்துகொள்ள டாக்டரின் பழைய வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தத் துப்பாக்கி சுடும் மைதானத்தில் அவருக்கு ‘அரைவழி’ என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் மச்சான்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி நடத்துபவர், வாய்க்குப் பூட்டே கிடையாது. "மேல ஏத்தி விடறது நம்ம தொழில் மாப்ள, வேணும்னா சொல்லு, உன் குண்டையும் ஏத்தி விடறேன்" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். டாக்டரும் கூடவே சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பொருமுவார்.

துப்பாக்கிக் குண்டு நூல் பிடித்தாற்போல நேராகப் போகும் என்று நினைப்பவர்கள் சினிமாவில் மட்டும் துப்பாக்கியைப் பார்த்தவர்கள். போகப் போக அது கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தூரம் கூடக் கூடத் துப்பாக்கிக் குழாயின் மூக்கைக் கூடுதலாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பதற்குத்தான் ஸ்கோப்பின் தலையில் ஒரு டயல். அதைத் திருகினால் உள்ளே தெரிகிற கூட்டல் குறி இறங்கும். இறங்கிய குறியை மறுபடி இலக்கில் வைக்கப் போனால் குழாய் நிமிர்ந்துதானே ஆக வேண்டும்? ஆனால் ஸ்கோப்புக்குள் இருக்கிற இடம் கொஞ்சம்தான். டாக்டருடைய ஸ்கோப்பில் அது எண்ணூறு மீட்டரோடு தீர்ந்துபோகும். அதற்குமேல் டயல் திரும்பாது, ‘டக்’கென்று நின்றுவிடும். அதனால் ஆயிரம் மீட்டருக்குப் படுத்தால் அவர் செய்கிற முதல் காரியம், டயலைப் பிடித்து நிற்கும் வரை திருகுவது. பிறகு பலகைக்கு மேலே ஓர் ஆள் உயரம் தூக்கிக் குறிவைத்து, ஆண்டவன் விட்ட வழி என்று விசையை இழுப்பது. இரண்டு வருஷமாக இதே கூத்து. பெரும்பாலும் குண்டு பலகையின் காலடியில் விழும்.

போன வாரம் டாக்டர் யாருக்கும் தெரியாமல் ஒரு சரிவுப் பட்டையை வரவழைத்தார். துப்பாக்கிக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே வைக்கிற ஒரு விரல் அகல உலோகப் பட்டை அது. பின்பக்கம் கனமாகவும் முன்பக்கம் மெலிந்தும் இருக்கும். உற்றுப் பார்த்தாலொழியச் சரிவு தெரியாது. அதன்மேல் உட்கார்ந்ததும் ஸ்கோப் மூக்கைக் குனிந்துகொள்ளும். அதனால் டயலைத் தொடாமலே குழாய் நிமிர்ந்துவிடும். நோயாளிகள் போனபிறகு கிளினிக்கில் உட்கார்ந்து, பல் கட்டுகிற சின்னத் திருப்புளியால் ஒவ்வொரு திருகாக முடுக்கினார். கணக்குப் போட்டுப் பார்த்தார். இனிமேல் ஆயிரம் மீட்டருக்கு டயலைக் கடைசி வரை திருக வேண்டியதில்லை, வெகு முன்னாலேயே நிறுத்திவிடலாம். நிறுத்த வேண்டிய இடத்தில் பல் அடைக்கிற வெள்ளைச் சிமெண்டில் ஒரு பொட்டு வைத்தார். நூறு மீட்டரில் சுட்டுச் சரிபார்த்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கி மூடிவிட்டார்கள். போகட்டும், கணக்குத் தப்பாது என்று விட்டுவிட்டார். மச்சானிடம் மூச்சு விடவில்லை. குண்டு பலகை நடுவில் குத்தும்போது அந்த மனுஷனின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

கணக்குத் தப்பவில்லை. ஆனால் கைக்குக் கணக்குத் தெரியாது. பாயில் படுத்ததும் இரண்டு வருஷப் பழக்கத்தில் அது தன்பாட்டுக்கு டயலைப் பிடித்து, வெள்ளைப் பொட்டைத் தாண்டி, நிற்கும் வரை திருகியிருக்கிறது. பட்டையின் சரிவு ஒரு பங்கு, டயலின் கடைசி ஒரு பங்கு. பட்டையை நம்பி, வழக்கம் போல மேலே தூக்கிக் குறிவைக்கவில்லை, அது ஒன்றுதான் மிச்சம். அப்படியும் குண்டு பலகைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கும் கூடுதலாகப் போயிருக்கும். மண்மேட்டின் உச்சி பலகைக்கு மேலே இரண்டு ஆள் உயரம்தான்.

குண்டு சேற்றில் சொருகவில்லை. மேட்டைத் தாண்டிவிட்டது.

டாக்டருக்கு உடனே குனிந்து டயலைப் பின்னால் திருப்பிவிட வேண்டும் போல் இருந்தது. முடியாது. குழியில் ஆள் மாறும்போது யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது, பக்கத்தில் போகக்கூடக் கூடாது. விசில்காரர் என்று எல்லாரும் அழைக்கிற மைதான அதிகாரி, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வரிசையைப் பார்த்தபடி நின்றார்.

மண்மேடு இருப்பது ஒரு குன்றின் உச்சியில். அதற்கு அந்தப் பக்கம் நிலம் சரிந்து இறங்கிவிடும். அங்கே என்ன இருக்கிறது? டாக்டர் இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. சுடும் நேரத்தில் எல்லாரும் கைப்பேசியைப் போட்டுவைக்கிற டப்பாவிலிருந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார். வரைபடத்தைத் திறந்தார். சுடும் வரிசையில் ஒரு விரலை வைத்து, பலகைகளின் மேலாக நேரே இழுத்தார். விரல் மண்மேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் ஒரு பச்சைச் சதுரத்தில் முட்டியது. சதுரத்தின்மேல் ‘நாற்றுப் பண்ணை’ என்று எழுதியிருந்தது.

காலையில் மனைவியை இறக்கிவிட்டு வந்தது அந்தப் பண்ணையில்தான்.

வெடிச்சத்தம் அவளுக்கு ஆகாது. ஒவ்வொரு போட்டியன்றும் கூடவே காரில் வந்து பண்ணையில் இறங்கிக்கொள்வாள். பால்கனிக்குச் செடி பார்ப்பாள், அங்கே வேலை செய்கிற பெண்களோடு பேசிக்கொண்டிருப்பாள், திரும்பும்போது ஏற்றிக்கொள்வார்கள். சாலை குன்றைச் சுற்றிச் சுற்றிப் போவதால் பண்ணை எங்கோ வேறொரு ஊரில் இருப்பது போலத் தோன்றும். நேர்க்கோட்டில் அது மேட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பது டாக்டருக்கும் உறைக்கவில்லை, மச்சானுக்கும் உறைக்கவில்லை.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுடுகிறவர், வேடிக்கை பார்க்கிறவர், டீ கொண்டு வருகிறவர், யாராக இருந்தாலும் சரி, "நிறுத்து" என்று ஒரு சத்தம் கொடுத்தால் எல்லாத் துப்பாக்கியும் அந்த நொடியே நிற்கும். ஏன் எதற்கு என்று அப்போது யாரும் கேட்க மாட்டார்கள். காரணமெல்லாம் பிறகு. ஒரே ஒரு வார்த்தை. ‘என் குண்டு மேட்டைத் தாண்டிருச்சு’ என்று அதற்குப் பின்னால் சொன்னால் போதும்.

டாக்டருக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று அதட்டுகிற மனுஷன். மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. பட்டை மாட்டியது தெரியும், சரிபார்க்காமல் சுட்டது தெரியும், உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள், போலீஸ் வரும், கிளினிக் வாசலில் பெயர்ப்பலகை தொங்குகிறது. ஒன்றும் ஆகியிருக்காது, அவ்வளவு பெரிய வெட்டவெளியில் ஒரு சின்னக் குண்டு யார்மேல் போய்ப் படப்போகிறது? முதலில் போய்ப் பார்த்துவிடுவோம். இவளைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அப்புறம் என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொள்ளலாம். ஒரு கோழை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூடிய எல்லாவற்றையும் டாக்டர் வரிசையாகச் சொல்லிக்கொண்டார்.

"மச்சான், வயிறு ஒரு மாதிரி இருக்கு. மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"போட்டின்னாலே உனக்கு வயிறு கலக்கும். போ போ. இடைவேளை முடிய இன்னும் நேரம் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

கார் மைதானத்தை விட்டு வெளியேறும் வரை மெதுவாக ஓட்டினார். வாசலைத் தாண்டியதும் மிதித்தார்.

சாலையெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் தண்ணீர். ஒரு வளைவில் மணல் லாரி குறுக்கே நின்று பின்னால் போகத் தெரியாமல் முக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. லாரிக்காரர் இறங்கி வந்து, "உங்க வீட்டுலயா சார் தீப்பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். டாக்டர் லாரியின் ஓரமாகக் காரை நுழைத்தார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை போனில். மனைவி எடுக்கவில்லை. எடுக்காத ஒவ்வொரு மணிக்கும் அவர் மனத்தில் ஒரு காட்சி வந்தது. செடிகளுக்கு நடுவே கவிழ்ந்து கிடக்கிற ஒரு முதுகு. அவள் காலையில் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அதற்குப் போய் அவருக்கு அழுகை முட்டியது.

பண்ணைக்குள் காரை விட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடினார்.

பத்துப் பெண்கள் போல நாற்று மேடைகளுக்கு நடுவே குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் அலறவில்லை, யாரும் கூட்டம் கூடி நிற்கவில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் சிரிப்புச் சத்தம். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உயரமான கல்மேடையில் இருந்தது. அதன் குன்றுப் பக்கத்து வயிற்றில் ஒருத்தி கட்டை விரலை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள். விரலின் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சி அவள் முகத்தில் அடித்தது. மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

"தொட்டியில ஓட்டை விழுந்துடுச்சு சார்" என்றார் பண்ணைக்காரர். தலையில் துண்டு கட்டிய, எதற்கும் பதறாத மனிதர். "பாருங்களேன், புதுத் தொட்டி. இவ சும்மா இங்க நின்னு குழாய சுருட்டிட்டு இருந்தா. அந்தப் பக்கம் நகந்தா, ‘பட்’டுன்னு ஒரு சத்தம், தண்ணி ஊத்துது."

விரல் வைத்திருந்தவள் ஒரு விநாடி விரலை எடுத்துக் காட்டினாள். சுத்தமான வட்டம். பல்லில் ஆயிரம் ஓட்டை போட்டவருக்கு அது எப்படி வந்த ஓட்டை என்று தெரியாதா? அவள் நெஞ்சு உயரத்துக்கு நேராக இருந்தது அது. அவள் ஓர் அடி நகராமல் நின்றிருந்தால் என்று டாக்டர் நினைத்தார், அதற்குமேல் நினைக்கத் தைரியம் வரவில்லை.

"என்ன சார், என்னவா இருக்கும்?"

"கல்லு... கல்லு கில்லு பட்டிருக்கும்" என்றார் டாக்டர்.

"கல்லு இவ்ளோ அழகா வட்டம் போடுமா?"

டாக்டர் மனைவியைத் தேடினார். கடைசி மேடைக்குப் பக்கத்தில் இரண்டு கைகளிலும் பூந்தொட்டியோடு அவள் நிமிர்ந்தாள். மஞ்சள். மஞ்சள்தான் உடுத்தியிருந்தாள். அவருக்குப் போன உயிர் வந்தது. ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தார். தொட்டி நழுவப் பார்த்தது.

"ஏங்க, என்ன ஆச்சு? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்ல. ஏன் போன எடுக்கல?"

"பை அங்க அலமாரியில இருக்கு. கையெல்லாம் மண்ணு, எங்க எடுக்கறது? அதுக்குள்ள போட்டி முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. சும்மாதான் வந்தேன்."

உயிர் வந்ததும் கூடவே குள்ளப் புத்தியும் வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொட்டியில் ஓட்டை, கல் பட்ட ஓட்டை. புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்துவிடலாம், ஏன் என்று கேட்டால் நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளட்டும். திரும்பிப் போய் டயலைப் பொட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்த விஷயம் இத்தோடு புதைந்துபோகும். டாக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் எங்க? அங்கயேவா இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். தலைக்கு மேலே ஏதோ ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பண்ணையின் பின்பக்கத்தில் நிழல்வலை ஒரு தரம் உதறி அடங்கியது. அதற்குப் பிறகுதான், சாவகாசமாக, குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெடிச்சத்தம் வந்து சேர்ந்தது.

ஜோடிப் போட்டி. ஒரே துப்பாக்கி, இரண்டு பேர். ஆளுக்கு ஐந்து குண்டு. யார் எப்போது சுடுவது என்பது அவர்கள் இஷ்டம். இடைவேளை முடிந்திருக்கும். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான், பாவம், நேரம் வீணாகப் போகக்கூடாது என்று மச்சான் பாயில் படுத்திருப்பார். அரைவழித் துப்பாக்கிதானே என்று டயல் கடைசியில் இருக்கிறதா எனத் தொட்டுப் பார்த்திருப்பார், இருந்திருக்கும். அதற்கும் மேலே கொஞ்சம் தூக்கிப் பிடித்திருப்பார். வழக்கமாக அப்படித்தானே? தன் பங்கு ஐந்தையும் சுடாமல் அவர் எழுந்திருக்க மாட்டார். பட்டை மாட்டியிருப்பது அவருக்குத் தெரியாது. போகும்போது சுடாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். மனைவியைப் பற்றிய பதற்றத்தில் டாக்டருக்கு அதுகூடத் தோன்றவில்லை.

"படுங்க!" என்று கத்தினார் டாக்டர். "எல்லாரும் கீழ படுங்க!"

யாரும் படுக்கவில்லை. பெண்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். காலையில் பளிச்சென்று கார் ஓட்டி வந்த மனிதர், இப்போது கண்ணெல்லாம் சிவந்து சேற்றில் படுக்கச் சொல்கிறார். படுத்துவிடுவார்களா?

"என்ன சார் சொல்றீங்க? எதுக்குப் படுக்கணும்?" என்றார் பண்ணைக்காரர்.

காரணம் சொல்லாமல் முடியாது என்று டாக்டருக்கு அப்போது விளங்கியது. குன்றுக்கு அந்தப் பக்கம் காரணம் கேட்காமல் நிறுத்தியிருப்பார்கள். இந்தப் பக்கம் அந்த வழக்கம் இல்லை.

"குண்டு! துப்பாக்கிக் குண்டு! அந்தத் தொட்டியில இருக்கறது என் குண்டு! இன்னும் வரும், படுங்க!"

முதலில் படுத்தது அவர் மனைவிதான். கையில் இருந்த பூந்தொட்டிகளை விட்டெறிந்துவிட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களையும் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் விழுந்தார்கள். பண்ணைக்காரர் ஒரு மேடையின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் குப்புற விழுந்து, முழங்கையை ஊன்றி மைதான அலுவலகத்தின் எண்ணைத் தேடினார்.

மறுபடியும் தலைக்கு மேலே காற்றைக் கிழிக்கிற அந்தச் சத்தம். பின்னாலேயே வெடி. ஒருத்தி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். மச்சான் மேலே பிடித்துப் பார்ப்பார், சரிவரவில்லை என்றால் கீழே பிடித்துப் பார்ப்பார். எது எங்கே வந்து விழும் என்று சொல்ல முடியாது.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்.

"மைதானத்து நம்பரா?" என்று மனைவி தரையில் கிடந்தபடியே கேட்டாள். "அது உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வழி பூரா இருந்துச்சா?"

அதற்குள் அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"அலுவலகம், சொல்லுங்க."

"நிறுத்தச் சொல்லுங்க! சுடறத நிறுத்தச் சொல்லுங்க!"

"யார் சார் பேசறது? எந்த வரிசை?"

"எல்லாத்தையும்! நிறுத்து! நிறுத்துன்னு கத்துங்க!"

"இருங்க சார், இருங்க, வெளிய ஓடறேன்." எடுத்தவர் போனைக் கையில் பிடித்தபடியே ஓடுவது கேட்டது. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், மூச்சு.

அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்காரி எழுந்தாள். பாதித் தொட்டி காலியாகிவிட்டது. தண்ணீர் நாற்று மேடையை அரித்துக்கொண்டு ஓடியது. அவளுக்கு அது தாங்கவில்லை. இரண்டே எட்டில் போய் ஓட்டையில் விரலை வைத்து அடைத்தாள். "ஏ, வேணாம், வா இங்க!" என்று டாக்டரின் மனைவி எழுந்து ஓடி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், குன்றுக்கு நேரே, திறந்த வெளியில்.

போனுக்குள் ஒரு வெடி கேட்டது.

அது அவருடைய துப்பாக்கி. ஆயிரம் துப்பாக்கிக்கு நடுவே கேட்டாலும் தெரியும். காற்றில் வரும் சத்தம் இன்னும் குன்றைத் தாண்டவில்லை, குண்டும் இன்னும் வந்து சேரவில்லை. கிளம்பிவிட்டது என்று மட்டும் அவருக்குத் தெரியும். பண்ணையில் வேறு யாருக்கும் அது தெரியாது. மனைவி பாட்டுக்கு அந்தப் பெண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுந்து பாய்ந்தார். கால் சேற்றில் வழுக்கியது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நீட்டிய கைக்கு மஞ்சள் முந்தானையின் நுனிதான் கிடைத்தது. பிடித்து இழுத்தார். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள்.

பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த மண்சட்டி வரிசை வெடித்துச் சிதறியது.

தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தொட்டிக்காரி தன் கை, கால், வயிறு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டாக்டரின் மனைவிக்குக் காதோரத்தில் சட்டிச் சில்லு கிழித்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. டாக்டர் அதைத் துடைக்கப் போனார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

சேற்றில் கிடந்த போன் பேசிக்கொண்டே இருந்தது. மனைவி அதை எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். விசில்காரரின் குரல்.

"நிறுத்தியாச்சு. எல்லாத் துப்பாக்கியும் கீழ வெச்சாச்சு. யாரு பேசறது? என்ன விஷயம்?"

அவருக்குப் பின்னால் மச்சானின் குரலும் கேட்டது. "யாருங்க அது, குறுக்கால? இன்னும் ரெண்டு குண்டு பாக்கி இருக்கு."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். பண்ணைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார். எல்லார் கண்ணும் டாக்டர்மேல் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு தன் கைகளைப் பார்த்தார்.

"ஹலோ? யாருங்க?"

மனைவி போனை அவர் வாய்க்கு நேரே கொண்டுவந்து பிடித்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் சொன்னார். பெயரைச் சொன்னார், பட்டை மாட்டியதைச் சொன்னார், டயலை நிற்கும் வரை திருகியதைச் சொன்னார், பண்ணை எங்கே இருக்கிறது என்று சொன்னார். "உங்க தங்கச்சி இங்கதான் இருக்கா மச்சான்" என்றார். மச்சான் கேலி கிண்டல் எதுவும் இல்லாத ஒரு குரலில் கேட்டார்.

"எப்ப மாப்ள தெரிஞ்சுது உனக்கு?"

மனைவி போனை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பவே" என்றார் டாக்டர். "உங்க பக்கத்துல நிக்கும்போதே தெரியும்."